தோற்க முடிந்த தேர்தல்

2020ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கேமரூனில் பிராந்திய மன்றங்களுக்கான தேர்தல் நடந்தது. நாட்டின் பத்துப் பிராந்தியங்களுக்கும் மன்றங்கள் தேர்ந்தெடுக்கப்படுவது அதுவே முதல் முறை. பிராந்தியத்துக்கு 90 பேர் என மொத்தம் 900 உறுப்பினர்கள். ஆனால் அன்று பொதுமக்கள் எவரும் வாக்குச்சாவடிக்குச் செல்லவில்லை. செல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஒவ்வொரு மன்றத்திலும் 70 பேரை உள்ளாட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். எஞ்சிய 20 பேரைப் பாரம்பரியத் தலைவர்கள் தமக்குள்ளிருந்தே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். முக்கியமான இரண்டு எதிர்க்கட்சிகள் தேர்தலைப் புறக்கணித்திருந்தன. பத்தில் ஒன்பது பிராந்தியங்கள் ஆளுங்கட்சிக்குப் போயின. அடமாவா என்ற ஒரேயொரு பிராந்தியம் மட்டும் வேறொரு கட்சிக்குக் கிடைத்தது. அக்கட்சியும் மத்திய அமைச்சரவையில் நெடுங்காலமாகப் பங்குபெற்று வந்த கட்சிதான்.

உலகச் செய்திகளில் இதற்குச் சில வரிகளே ஒதுக்கப்பட்டன. எதிர்பார்த்த முடிவு, எதிர்பார்த்தபடியே வந்தது. ஆனால் கேமரூனின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் புரட்டிப் பார்ப்பவருக்கு அந்த முடிவு வியப்பளிக்கும். ஏனெனில் அதே நிலத்தின் ஒரு மூலையில், 61 ஆண்டுகளுக்கு முன்பு, ஆட்சியிலிருந்த ஒருவர் இரண்டே இடங்கள் வித்தியாசத்தில் தேர்தலில் தோற்றார். தோற்றபின் அமைதியாக எழுந்து எதிர்க்கட்சி வரிசையில் போய் அமர்ந்தார். விடுதலைக்கு முந்தைய ஆப்பிரிக்காவில் அது அரிதான காட்சி. அந்தக் காட்சியிலிருந்து 2020இன் தேர்தலுக்கு ஒரு சமூகம் எப்படி வந்து சேர்ந்தது? இராணுவப் புரட்சி எதுவும் அங்கு வெற்றி பெற்றதில்லை என்பதை நினைவில் கொண்டால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

*

கேமரூன் என்ற பெயரே இறாலிலிருந்து வந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் அந்தக் கடற்கரைக்கு வந்த போர்த்துக்கீசியர்கள் ஆற்றுமுகத்தில் மொய்த்த இறால்களைக் கண்டு அதற்கு இறால் ஆறு என்று பெயரிட்டார்கள். 1884இல் ஜெர்மனி அந்நிலத்தைத் தன் காலனியாக்கிக்கொண்டது. முதல் உலகப்போரில் ஜெர்மனி அதை இழந்ததும் பிரிட்டனும் பிரான்சும் பங்கு போட்டுக்கொண்டன. பெரும்பகுதி பிரான்சுக்கு. நைஜீரியாவின் எல்லையை ஒட்டிய இரண்டு குறுகிய துண்டுகள் பிரிட்டனுக்கு. பிரிட்டன் அவற்றைத் தனி நாடாக ஆளவில்லை. நைஜீரியாவின் வால்போல் வைத்து ஆண்டது. நம் கதை அந்தத் துண்டுகளில் தெற்கே இருந்த ஒன்றைப் பற்றியது. அதன் பெயர் தெற்குக் கேமரூன்ஸ். தலைநகர் கேமரூன் மலையின் அடிவாரத்தில் இருக்கும் புயேயா.

நைஜீரியாவின் கிழக்குப் பிராந்தியச் சட்டமன்றத்தில் இடம்பெற்றிருந்த தெற்குக் கேமரூன்ஸ் பிரதிநிதிகள், அங்கு நடந்த கட்சிப் பூசலில் தமக்கு வேலை இல்லை என்று கருதித் தமக்கெனத் தனி அவை கேட்டார்கள். 1954இல் அது கிடைத்தது. கேட்டவர்களுக்குத் தலைமை தாங்கியவர் எண்டெலி. கடலோரப் பக்வேரி இனத்தைச் சேர்ந்த மருத்துவர். அவருடைய கட்சி கே.என்.சி. ஆனால் தனி அவை கிடைத்தபின் எண்டெலியின் எண்ணம் மெல்ல மாறியது. நைஜீரியாவுக்குள்ளேயே தன்னாட்சியுள்ள பகுதியாக இருப்பது போதும் என்று நினைக்கத் தொடங்கினார். இதை ஏற்காத ஜான் ங்கு ஃபோன்சா 1955இல் பிரிந்துசென்று கே.என்.டி.பி. என்ற கட்சியைத் தொடங்கினார். ஃபோன்சா பமெண்டா மேட்டுநிலத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். நைஜீரியாவிலிருந்து பிரியவேண்டும் என்பது அவர் கட்சியின் முழக்கம்.

ஆக அங்கு இருந்தது உண்மையான போட்டி. கடற்கரைக்கும் மேட்டுநிலத்துக்கும், படித்த மேல்தட்டுக்கும் ஊர்த்தலைவர்களின் செல்வாக்குக்கும், நைஜீரியாவோடு இருப்பதா பிரிவதா என்ற இரு தெளிவான கொள்கைகளுக்கும் இடையிலான போட்டி. 1957 தேர்தலில் 13 இடங்களில் எண்டெலியின் கட்சிக்கு 6, ஃபோன்சாவுக்கு 5, மூன்றாவதாக கே.பி.பி. என்ற கட்சிக்கு 2. மூன்றாவது கட்சியின் துணையோடு எண்டெலி ஆட்சி நடத்தினார். 1958இல் பிரதமர் என்ற பட்டமும் அவருக்கு வந்தது. 1959 ஜனவரியில் விரிவாக்கப்பட்ட 26 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. ஃபோன்சாவுக்கு 14. எண்டெலியின் கூட்டணிக்கு 12.

எண்டெலி பதவி விலகினார். ஃபோன்சா பிரதமரானார். அவ்வளவுதான். அதிகாரிகள் அதே நாற்காலிகளில் இருந்தார்கள். அவை அதே கட்டடத்தில் கூடியது. எந்தப் பரபரப்பும் இன்றி நடந்து முடிந்த இந்தச் சிறிய நிகழ்வையே தெற்குக் கேமரூன்ஸின் மக்கள் பின்னாட்களில் தம் இழந்த உடைமைகளில் முதன்மையானதாகக் கருதினார்கள். 1960இல் அதே புயேயாவில் பாரம்பரியத் தலைவர்களுக்கென ஓர் ஆலோசனை அவையும் அமைக்கப்பட்டது. மேட்டுநிலத்தில் ஃபோன் என்று அழைக்கப்படும் அரசர்கள் அதில் அமர்ந்தார்கள். சட்டமியற்றும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆனால் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அவைக்கு அருகில் அது இருந்தது. அதன் இடத்தில் இல்லை. இந்த அவையை நாம் மீண்டும் சந்திப்போம்.

*

1961 பிப்ரவரி 11 அன்று ஐக்கிய நாடுகள் சபையின் மேற்பார்வையில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. விடுதலை பெற்ற நைஜீரியாவோடு சேர்வதா, 1960 ஜனவரி 1 அன்று பிரான்சிடமிருந்து விடுதலை பெற்ற கேமரூன் குடியரசோடு சேர்வதா என்ற இரண்டு வாய்ப்புகள் மட்டுமே வாக்காளர் முன் வைக்கப்பட்டன. தனி நாடாக இருப்பது என்ற மூன்றாவது வாய்ப்பு அங்கு பலரின் விருப்பமாக இருந்தது. அது வாக்கெடுப்பில் இடம்பெறவில்லை. தெற்குக் கேமரூன்ஸில் 2,33,571 பேர் கேமரூன் குடியரசையும் 97,741 பேர் நைஜீரியாவையும் தேர்ந்தெடுத்தார்கள். வடக்குத் துண்டு நைஜீரியாவோடு சேர்ந்தது.

எந்த வீட்டுக்குள் தாம் காலடி வைக்கிறோம் என்பதைத் தெற்கின் தலைவர்கள் முழுமையாக உணர்ந்திருந்தார்களா என்பது ஐயமே. பிரெஞ்சுக் கேமரூனின் அரசியல் முற்றிலும் வேறு வார்ப்பில் உருவானது. அங்கு உடனடி விடுதலையையும் இரு கேமரூன்களின் இணைப்பையும் முதன்முதலில் முழங்கிய யு.பி.சி. என்ற இயக்கத்தை 1955இல் பிரெஞ்சு நிர்வாகம் தடைசெய்தது. அதன் தலைவர் ரூபன் உம் நியோபே 1958 செப்டம்பரில் காட்டில் வைத்துச் சுட்டுக்கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஃபெலிக்ஸ் மூமியே 1960இல் ஜெனிவாவில் நஞ்சு கொடுக்கப்பட்டு இறந்தார். இணைப்புக்காகப் போராடியவர்கள் ஒழிக்கப்பட்டபின், அவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத அஹ்மது அஹிஜோவின் கையில் விடுதலையும் இணைப்பும் ஒப்படைக்கப்பட்டன.

1961 ஜூலையில் ஃபூம்பான் நகரில் இரு தரப்பும் கூடி அரசியலமைப்பைப் பேசின. அஹிஜோவின் தரப்பு எழுதி முடித்த வரைவோடு வந்தது. ஃபோன்சாவின் தரப்புக்குச் சில திருத்தங்கள் கிடைத்தன. அக்டோபர் 1 அன்று கூட்டாட்சிக் குடியரசு பிறந்தது. பிரெஞ்சுப் பகுதி கிழக்குக் கேமரூன் ஆனது. தெற்குக் கேமரூன்ஸ் மேற்குக் கேமரூன் ஆனது. அஹிஜோ குடியரசுத் தலைவர். ஃபோன்சா துணைத்தலைவர், கூடவே மேற்கின் பிரதமர் பொறுப்பும் அவரிடமே இருந்தது. மேற்குக்குத் தன் சட்டமன்றம், தன் நீதிமன்ற மரபு, தன் கட்சிகள், தலைவர்களின் அவை எல்லாம் இருந்தன. 1961 இறுதியில் நடந்த மாநிலத் தேர்தலில் ஃபோன்சாவின் கட்சி 24 இடங்களையும் எண்டெலியின் கட்சி 12 இடங்களையும் பெற்றன. எதிர்க்கட்சி உயிரோடு இருந்தது.

கிழக்கில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதற்கு ஒரு நிகழ்வு போதும். ஒரே தேசியக் கட்சி வேண்டும் என்று அஹிஜோ பேசத் தொடங்கியதும், 1962 ஜூனில் நான்கு எதிர்க்கட்சித் தலைவர்கள் அதை எதிர்த்துக் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவர் அந்நாட்டின் முன்னாள் பிரதமர் ஆந்த்ரே மரி ம்பிதா. இன்னொருவர் முன்னாள் வெளியுறவு அமைச்சர் சார்ல் ஓக்காலா. ஒரு கட்சி ஆட்சி சர்வாதிகாரத்தில்தான் முடியும் என்பதே அறிக்கையின் சாரம். நால்வரும் கைதுசெய்யப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

*

மேற்கில் யாரையும் சிறையில் அடைக்கவேண்டிய தேவை எழவில்லை. இந்த வரலாற்றில் நம்மை நின்று யோசிக்கவைக்கும் இடம் இதுதான்.

1966 செப்டம்பர் 1 அன்று கேமரூன் தேசிய ஒன்றியம் என்ற ஒரே கட்சி தோன்றியது. அஹிஜோவின் கட்சி, ஃபோன்சாவின் கட்சி, எண்டெலியின் கட்சி, ஃபோன்சாவிடமிருந்து பிரிந்த சாலமன் தண்டெங் முனாவின் கட்சி எல்லாம் தம்மைக் கலைத்துக்கொண்டு அதில் கரைந்தன. அவை ஏன் சம்மதித்தன? ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. எண்டெலி 1959இலிருந்து ஆட்சிக்கு வெளியே இருந்தார். ஃபோன்சாவின் கட்சியைத் தேர்தலில் வெல்வது நாளுக்குநாள் கடினமாகிக்கொண்டு வந்தது. தலைநகர் யாவுண்டேயில் நேரடியாக ஒரு பிடி கிடைத்தால் ஃபோன்சாவைக் கடந்துசென்றுவிடலாம். முனாவோ 1965இல் மேற்கின் பிரதமர் பதவிக்கான போட்டியில் அகஸ்டின் ங்கோம் ஜுவாவிடம் தோற்றுக் கட்சியிலிருந்து வெளியேறியவர். அவருக்கும் அஹிஜோவின் அருகாமையே ஏணி. ஃபோன்சாவுக்கு இருந்தது அச்சம். மற்ற இருவரும் உள்ளே போய்விட்டால், வெளியே நிற்பவர் தான் மட்டுமே ஆகிவிடுவோம் என்ற அச்சம்.

இப்படி ஒவ்வொருவரும் தன் போட்டியாளரை முந்துவதற்காகப் போட்டியையே கைவிட்டார்கள். தேசத்தைக் கட்டுதல், இன வேறுபாடுகளைக் கடத்தல், இருமொழி நாட்டில் ஒற்றுமை போன்ற காரணங்கள் மேடையில் சொல்லப்பட்டன. அவற்றை வெறும் பாசாங்கு என்று தள்ளிவிடவும் முடியாது. இருநூற்றுக்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் கொண்ட நாடு அது. யு.பி.சி.யின் கிளர்ச்சியும் அதன்மீதான அடக்குமுறையும் பல்லாயிரம் உயிர்களைக் குடித்திருந்தன. கட்சிகள் பிளவைத்தான் கொண்டுவரும் என்று அந்நாளைய ஆப்பிரிக்காவில் பல நேர்மையான தலைவர்களும் நம்பினார்கள். தான்சானியாவின் நைரேரே 1965இல் ஒரு கட்சி ஆட்சியைச் சட்டமாக்கினார். ஆனால் அவர் ஒவ்வொரு தொகுதியிலும் கட்சியின் இரு வேட்பாளர்கள் மோத இடம் விட்டார். அதே ஆண்டுத் தேர்தலில் அமைச்சர்கள் சிலர் தோற்கவும் செய்தார்கள். அஹிஜோவின் கேமரூனில் அந்தச் சிறு திறப்பும் வைக்கப்படவில்லை. கட்சி ஒரு பட்டியலைத் தயாரிக்கும். மக்கள் அதற்கு வாக்களிப்பார்கள்.

1967 டிசம்பர் இறுதியில் மேற்குக் கேமரூன் மாநிலச் சட்டமன்றத்துக்கு அப்படியொரு தேர்தல் நடந்தது. ஒரே கட்சி, எல்லா இடங்களும் அதற்கே. அதன் விளைவு தெரிய இரண்டு வாரங்கள்கூட ஆகவில்லை. 1968 ஜனவரியில் ஜுவாவை நீக்கிவிட்டு முனாவைப் பிரதமராக நியமித்தார் அஹிஜோ. சட்டமன்றத்தில் யாருக்குப் பெரும்பான்மை இருக்கிறதோ அவரே பிரதமர் என்பது மேற்கின் மரபு. எல்லா உறுப்பினர்களும் ஒரே கட்சியினர் ஆகிவிட்டபின், பெரும்பான்மை என்ற சொல்லுக்குப் பொருள் எங்கே இருக்கிறது? கட்சித் தலைவர் யாரைச் சுட்டுகிறாரோ அவருக்கே பெரும்பான்மை. மாநிலத்தின் தன்னாட்சி அரசியலமைப்பில் அப்படியே இருந்தது. அதைத் தாங்கிநின்ற தூண் மட்டும் இல்லாமல் போயிருந்தது.

1972 மே 6 அன்று கூட்டாட்சியைக் கலைப்பது குறித்துப் பொதுவாக்கெடுப்பு என்று அஹிஜோ அறிவித்தார். இரண்டே வாரத்தில், மே 20 அன்று, வாக்கெடுப்பு நடந்தது. 99.99 சதவீதம் ஆதரவு. பிரெஞ்சில் ஆம், ஆங்கிலத்தில் ஆம் என்ற இரண்டுக்கும் இடையில்தான் அன்று தேர்ந்தெடுக்க முடிந்தது என்று ஆங்கிலம் பேசும் பகுதியில் இன்றும் கசப்போடு சொல்கிறார்கள். மேற்கின் சட்டமன்றமும் தலைவர்களின் அவையும் மறைந்தன. மேற்குக் கேமரூன் இரண்டு மாகாணங்களாக வெட்டப்பட்டு, யாவுண்டேயிலிருந்து நியமிக்கப்பட்ட ஆளுநர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. மே 20 நாட்டின் தேசிய நாளாயிற்று.

*

இந்த ஆண்டுகளைப் பற்றிக் கேமரூனின் எழுத்தாளர்கள் என்ன செய்தார்கள் என்று இலக்கிய வாசகர்களுக்குக் கேட்கத் தோன்றும். இருவரின் பாதைகளைச் சொல்லலாம். யு.பி.சி.யின் கடைசித் தலைவர்களில் ஒருவரான எர்னஸ்ட் உவாந்தியே 1971 ஜனவரியில் பஃபூஸாம் நகரில் பொதுவிடத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த வழக்கையும் அஹிஜோவின் ஆட்சியையும் விசாரித்து நாவலாசிரியர் மோங்கோ பெத்தி பிரான்சில் ஒரு நூல் எழுதினார். 1972இல் அது வெளியானபோது பிரெஞ்சு அரசு அதைத் தடைசெய்து பறிமுதல் செய்தது. முப்பதாண்டுக்கும் மேலாக அவர் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. அவருடைய சமகாலத்தவரான ஃபெர்தினான் ஓயோனோ, காலனிய வீடொன்றின் பணியாளன் எழுதும் நாட்குறிப்பாக 1956இல் ஒரு நாவலை எழுதி, வெள்ளை எசமானர்களின் பொய்மையைத் தோலுரித்தவர். விடுதலைக்குப் பின் அவர் தூதராகவும், பின்னாளில் வெளியுறவு அமைச்சராகவும் பண்பாட்டு அமைச்சராகவும் நீண்டகாலம் பணியாற்றினார். அதன்பின் அவர் நாவல் எதையும் வெளியிடவில்லை. 1966இல் அரசியல் கட்சிகள் எதிர்கொண்ட கேள்வியையே இவர்களும் எதிர்கொண்டார்கள் என்று தோன்றுகிறது: உள்ளே போவதா, வெளியே நிற்பதா?

*

1982 நவம்பரில் அஹிஜோ பதவி விலக, பிரதமராக இருந்த பால் பியா குடியரசுத் தலைவரானார். 1985இல் ஒரே கட்சி தன் பெயரை மாற்றிக்கொண்டு கேமரூன் மக்கள் ஜனநாயக இயக்கம் ஆயிற்று. அந்த மாநாடு நடந்த நகரம் பமெண்டா. அதே பமெண்டாவில் 1990 மே 26 அன்று ஜான் ஃப்ரூ ந்தி என்ற புத்தகக்கடைக்காரர் தடையை மீறி எஸ்.டி.எஃப். என்ற எதிர்க்கட்சியைத் தொடங்கினார். அன்று ஆறு பேர் இறந்தார்கள். சுடப்பட்டார்கள் என்றனர் மக்கள். நெரிசலில் மிதிபட்டார்கள் என்றது அரசு. அடுத்த மாதமே ஆளுங்கட்சியின் துணைத்தலைவர் பதவியிலிருந்து முதியவர் ஃபோன்சா விலகினார். ஆண்டு முடிவதற்குள் பல கட்சிகளுக்கு இடமளிக்கும் சட்டம் வந்தது.

1992 மார்ச் நாடாளுமன்றத் தேர்தலில் எஸ்.டி.எஃப். பங்கேற்கவில்லை. அப்படியிருந்தும் 180 இடங்களில் ஆளுங்கட்சிக்கு 88 தான் கிடைத்தன. ஒரு சிறு கட்சியின் துணை தேவைப்பட்டது. அக்டோபரில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் பியாவுக்கு ஏறத்தாழ 40 சதவீதம், ஃப்ரூ ந்திக்கு 36 சதவீதம் என்று அறிவிக்கப்பட்டது. முடிவை ஏற்காத ஃப்ரூ ந்தி வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். வடமேற்கு மாகாணத்தில் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. ஆளுங்கட்சி தோல்வியின் விளிம்பு வரை போய் மீண்ட தேர்தல் அது. அதிலிருந்து அது கற்ற பாடத்தைப் பின்வந்த ஆண்டுகளில் காணலாம்.

1996இல் திருத்தப்பட்ட அரசியலமைப்பு, பிராந்திய மன்றங்களும் மேலவையும் அமையும் என்று உறுதியளித்தது. மேலவை வர 17 ஆண்டுகளும் பிராந்திய மன்றங்கள் வர 24 ஆண்டுகளும் ஆயின. மேலவையில் 100 இடங்கள்; 30 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார், 70 பேரை உள்ளாட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். அந்த 70இல் ஆளுங்கட்சி பெற்றவை: 2013இல் 56, 2018இல் 63, 2023இல் 70. எஸ்.டி.எஃப். பெற்றவை முறையே 14, 7, பூஜ்யம். உள்ளாட்சித் தேர்தல் விதியும் இதற்கு உதவியது. ஓர் ஊரில் பாதிக்குமேல் வாக்குப் பெறும் பட்டியலுக்கு அவ்வூரின் எல்லா இடங்களும் போய்விடும். 51 பேர் ஒரு பக்கம், 49 பேர் மறுபக்கம் என்று மக்கள் பிரிந்திருந்தாலும் மன்றத்தில் ஒரு பக்கம் மட்டுமே அமரும். பிறகு அந்த ஒரு பக்கமே மேலவையையும் பிராந்திய மன்றத்தையும் தேர்ந்தெடுக்கும். ஒவ்வொரு படியிலும் மாற்றுக்குரல் வடிகட்டப்படுகிறது. கடைசிப் படியில் தெளிந்து நிற்பது ஒரே நிறம்.

*

2016இன் இறுதியில் ஆங்கிலம் பேசும் இரு பிராந்தியங்களின் வழக்குரைஞர்களும் ஆசிரியர்களும் தெருவில் இறங்கினார்கள். ஆங்கிலச் சட்டமரபு தெரியாத நீதிபதிகளும் ஆங்கிலம் சரியாக வராத ஆசிரியர்களும் தம்மீது திணிக்கப்படுகிறார்கள் என்பது அவர்கள் குறை. 2017 ஜனவரியில் அப்பகுதியில் இணையம் துண்டிக்கப்பட்டு மூன்று மாதங்கள் முடங்கிக் கிடந்தது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று, இணைப்பின் ஆண்டு நாளில், அம்பசோனியா என்ற தனி நாட்டைப் பிரிவினைவாதிகள் அறிவித்தார்கள். ஆயுத மோதல் மூண்டது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள், லட்சக்கணக்கானோர் வீடுகளை விட்டு ஓடினார்கள். ஊர்களைப் படையினர் எரித்தார்கள். பள்ளிகளைத் திறக்கவிடாமல் பிரிவினைவாதிகள் தடுத்தார்கள். இரு தரப்பின் கையிலும் குடிமக்களின் இரத்தம் படிந்தது.

இதற்கான அரசின் விடைதான் 2020இன் பிராந்தியத் தேர்தல். 2019இல் தேசிய உரையாடல் ஒன்றைக் கூட்டி, ஆண்டு முடிவில் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். ஆங்கிலப் பகுதியின் வடமேற்கு, தென்மேற்குப் பிராந்தியங்களுக்குச் சிறப்புத் தகுதி. மற்ற எட்டுப் பிராந்தியங்களில் மன்றம் என்றால், இங்கு இரு அவைகள் கொண்ட பேரவை: மாவட்டப் பிரதிநிதிகளின் அவை ஒன்று, பாரம்பரியத் தலைவர்களின் அவை ஒன்று. 1972இல் கலைக்கப்பட்ட தலைவர்களின் அவை 48 ஆண்டுகளுக்குப் பின் பெயரளவில் உயிர்த்தெழுந்தது. மக்களின் புகார்களைக் கேட்கத் தனி நடுவர் பதவியும் உருவாக்கப்பட்டது.

இவை எதுவும் பயனற்றவை என்று சொல்வதற்கில்லை. பள்ளி, மருத்துவமனை, சாலை ஆகியவற்றில் சில பொறுப்புகள் சட்டப்படி யாவுண்டேயிலிருந்து இறங்கிவந்தன. ஆனால் வாக்களித்தவர்கள் யார் என்று பார்க்கவேண்டும். 2020 பிப்ரவரியில் நடந்த உள்ளாட்சித் தேர்தலை மௌரீஸ் காம்தோவின் கட்சி புறக்கணித்திருந்தது. 2018 குடியரசுத் தலைவர் தேர்தலில் இரண்டாம் இடம் பெற்றவர் அவர். 360 மன்றங்களில் 316ஐ ஆளுங்கட்சி வென்றது. ஆங்கிலப் பகுதியில் பிரிவினைவாதிகளின் மிரட்டலாலும் படையினரின் அச்சத்தாலும் மிகச் சிலரே வாக்களித்தார்கள். அங்கு 11 நாடாளுமன்றத் தொகுதிகளில் தேர்தல் செல்லாது என்று அரசியலமைப்பு மன்றமே தீர்ப்பளித்தது. மார்ச்சில் மறுதேர்தல் நடந்து 13 இடங்களும் ஆளுங்கட்சிக்கே போயின. 2013இல் நாடாளுமன்றத்தில் 18 இடங்கள் பெற்ற எஸ்.டி.எஃப். ஐந்துக்குச் சுருங்கியது. இந்த மன்றங்களின் உறுப்பினர்களே டிசம்பரில் வாக்காளர்கள். மாதாமாதம் 50,000 முதல் 2,00,000 ஃபிராங்க் வரை அரசிடம் உதவித்தொகை பெறவும், 1977ஆம் ஆண்டு ஆணையின்படி நிர்வாகத்தின் உதவியாளர்களாக இயங்கவும் கடமைப்பட்ட தலைவர்கள் மற்ற வாக்காளர்கள். தேர்தல் சட்டத்தைச் சீர்திருத்தாமல், போரை நிறுத்தாமல் பிராந்தியத் தேர்தல் வேண்டாம் என்று போராட்டத்துக்கு அழைத்த காம்தோ, செப்டம்பரிலிருந்து தன் வீட்டைவிட்டு வெளியே வரமுடியாதபடி காவலர்களால் சூழப்பட்டிருந்தார்.

1960இன் தலைவர்கள் அவைக்கும் 2020இன் தலைவர்கள் அவைக்கும் இடையிலான வேறுபாடு இங்கு விளங்கும். முந்தையதன் அருகில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஒரு சட்டமன்றம் இருந்தது. அதில் 14 பேர் ஒரு பக்கமும் 12 பேர் மறுபக்கமும் அமர்ந்திருந்தார்கள். அரசனின் ஆதரவு யாருக்கு என்பதற்கு அங்கு மதிப்பு இருந்தது. ஏனெனில் அந்த ஆதரவை அவர் தராமலும் இருக்க முடியும்.

*

ஃபோன்சாவின் கடைசி ஆண்டுகளைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முழுமை பெறாது. 1995இல், எண்பது வயதை நெருங்கிய நிலையில், தெற்குக் கேமரூன்ஸின் குறைகளைச் சொல்ல அவர் நியூயார்க்கில் உள்ள ஐக்கிய நாடுகள் சபைக்கு ஒரு குழுவை வழிநடத்திச் சென்றார். உடன் சென்றவர் முனா. முப்பதாண்டுகளுக்கு முன் ஒருவரையொருவர் முந்துவதற்காகத் தத்தம் கட்சிகளைக் கலைத்த அதே இருவர். துணைத்தலைவர், பிரதமர், நாடாளுமன்றத் தலைவர் என்று ஒரே கட்சி ஆட்சியில் பெறக்கூடிய பெரும்பதவிகள் எல்லாம் அவர்களுக்கிடையில் வந்துபோயிருந்தன. உலக மன்றத்தின் வாசலில் நின்றபோது அவர்களிடம் கட்சியும் இல்லை, அவையும் இல்லை, வாக்குகளும் இல்லை. 1999இல் ஃபோன்சா காலமானார்.

2025 அக்டோபரில், 92 வயதில், பால் பியா எட்டாம் முறையாக வென்றதாக அறிவிக்கப்பட்டார். காம்தோவின் வேட்புமனு அத்தேர்தலில் ஏற்கப்படவில்லை. பியாவுக்கு 53.66 சதவீதம், பல ஆண்டுகள் அவரது அமைச்சராக இருந்து, தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு விலகிவந்த இஸா சிரோமா பக்கரிக்கு 35.19 சதவீதம். முடிவை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களில் சிலர் உயிரிழந்தார்கள்.

தேர்தல்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் வென்றவர்களைப் பற்றியே பேசுகிறோம். தெற்குக் கேமரூன்ஸின் வரலாற்றில் நான் மீண்டும் மீண்டும் திரும்பிச் செல்வது தோற்ற எண்டெலியிடம். அவர் பெரும் தியாகி அல்லர். 1966இல் தன் கட்சியைக் கலைக்க முன்வந்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் 1959இன் தொடக்கத்தில், 12 பேரோடு எதிர்வரிசைக்குப் போனபோது, அடுத்த தேர்தலில் திரும்பி வரலாம் என்று அவர் நம்பினார். அவருக்கு வாக்களித்தவர்களும் நம்பினார்கள். ஃபோன்சாவும் அதை அறிந்து சற்று அஞ்சியிருப்பார். அந்த நம்பிக்கையும் அந்த அச்சமும் சேர்ந்ததைத்தான் புயேயாவின் அவை என்று அம்மக்கள் நினைவுகூர்கிறார்கள். 2020இல் அவர்களுக்குத் திருப்பித் தரப்பட்டது அதன் பெயர்ப்பலகை.